பனிக்கடல் நடுவே ஓர் அடுப்பு

கடலில் நின்று பார்த்தால் அது எல்லாத் தீவுகளையும் போல ஒரு தீவு. கறுத்த பாறைச் சுவர், உச்சியில் பனி, அடிவாரத்தில் மோதிச் சிதறும் அலை. கப்பலை ஒதுக்க ஓர் இடம் இருப்பதாகவே தெரியாது. ஆனால் தென்கிழக்கில் ஓரிடத்தில் அந்தச் சுவர் பிளந்திருக்கிறது. பிளவுக்குள் கப்பல் நுழைந்ததும் காட்சி மாறிவிடுகிறது. தீவு உண்மையில் ஒரு வளையம்! நடுவே, காற்றும் அலையும் அடங்கிய பெரிய துறைமுகம். மனிதன் கட்டியதல்ல, எரிமலை கட்டிக் கொடுத்தது.

1820ம் ஆண்டு நவம்பரில் நத்தானியல் பால்மர் என்ற 21 வயது அமெரிக்க மாலுமி தன் சிறு பாய்மரக் கப்பலை இதற்குள் செலுத்தினார். வெளித் தோற்றம் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பதால் தீவுக்கு ‘டிசெப்ஷன்’ என்று பெயர் விழுந்தது. தமிழில் சொன்னால், ‘ஏமாற்றுத் தீவு’.

அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதன் இந்தத் தீவுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் எதையாவது எடுத்துக் கொண்டு போகத்தான். முதலில் தோலுக்காக வந்தான். பிறகு எண்ணெய்க்காக வந்தான். அதற்கும் பிறகு, ‘இந்த மண் என்னுடையது’ என்று சொல்லிக் கொள்வதற்காக வந்தான். கடைசியில் தீவு கோபம் கொண்டு எல்லாரையும் விரட்டியது. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டுப் போக மட்டுமே வருகிறார்கள். ஒரு பகல் பொழுதில் அவர்கள் அங்கே என்னென்ன பார்க்கிறார்கள்?

எங்கே இருக்கிறது?

தென் அமெரிக்காவின் தென்கோடியில் அர்ஜென்டினா நாட்டுக்குச் சொந்தமான உஷுவாயா என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கிருந்து கப்பல் ஏறித் தெற்கே போனால் டிரேக் நீரிணை. உலகிலேயே மிகக் கொந்தளிப்பான கடல்களில் ஒன்று அது. அதைத் தாண்ட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். மறு கரையில் தென் ஷெட்லாந்து தீவுகள். அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் டிசெப்ஷன். அன்டார்டிகா கண்டத்தின் முனை அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு.

நம் ஊரில் மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே கோடைகாலம். கோடை என்றாலும் வெப்பம் நீர் உறையும் நிலையை ஒட்டியே ஏறி இறங்கும். ராத்திரி என்பது பேருக்குத்தான். நவம்பர் முதல் மார்ச் வரை உள்ள இந்தச் சில மாதங்களில் மட்டுமே பயணிகள் கப்பல்கள் போய் வருகின்றன.

எரிமலை என்றதும் கூம்பு வடிவ மலையும் உச்சியில் புகையும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே கடலுக்குள் இருக்கும் பாரன் தீவு அப்படிப்பட்டது. இந்தியாவில் இன்றும் குமுறிக் கொண்டிருக்கும் எரிமலை அது ஒன்றே. டிசெப்ஷன் வேறு ரகம். பண்டை நாளில் இங்கே நிகழ்ந்த ஒரு பெரும் வெடிப்பில் அடியில் இருந்த நெருப்புக் குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்தது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மலையின் நடுப்பகுதி அப்படியே உள்ளே அமிழ்ந்தது. பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. ஆட்டுக்கல்லின் குழியில் தண்ணீர் நிரம்பி, விளிம்பில் ஒரு துண்டு உடைந்தது போன்ற வடிவம்! இது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று 2018ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

தீவின் குறுக்களவு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பாதிக்கு மேல் பனியாறுகள் மூடிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் விழுந்த சாம்பல் பனியின் மேல் படிந்து, அதன் மேல் புதுப்பனி பெய்து, பனிச் சுவர்களில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடுகின்றன. மேலே பனி, கீழே நெருப்பு. அடுப்பின் மேல் ஐஸ் கட்டியை வைத்தது போன்ற விந்தை இது.

காலை: பெங்குவின் பட்டணம்

கடல் அமைதியாக இருந்தால் அதிகாலையில் முதலில் பார்க்கக் கிடைப்பது தீவின் வெளிப்புறக் கரையில் உள்ள பேய்லி முனை. இங்கே இறங்குவது எளிதல்ல. செங்குத்தான கறுப்பு மணல் கரையில் அலை ஓங்கி அடிக்கும். பல கப்பல்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி விடுவதும் உண்டு.

இறங்க முடிந்தவர்களுக்குக் காத்திருப்பது ஒரு பட்டணம். மலைச்சரிவு முழுவதும் பெங்குவின்கள்! தாடைக்கு அடியில் கறுப்பு நாடாவால் முடிச்சுப் போட்டது போன்ற கோடு கொண்டவை இவை. ‘சின்ஸ்டிராப்’ என்று பெயர். முக்கால் மீட்டர் உயரம் கூட இராது. நாலைந்து கிலோ எடை. கூச்சலோ காதைப் பிளக்கும். வாடை அதற்கு முன்பே, காற்றோடு கப்பலுக்கு வந்து சேர்ந்து விடும்.

மலையிலிருந்து கடலுக்கு ஒரு பனிநீர் ஓடை இறங்குகிறது. அதுதான் இவற்றின் ராஜபாட்டை. பெரிய ஆலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று கடந்து போகுமே, அதே காட்சி. மலையிலிருந்து இறங்குகிறவை சேறும் சகதியுமாக, பசித்த வயிற்றோடு வருகின்றன. கடலிலிருந்து ஏறுகிறவை குளித்துச் சுத்தமாக, வயிறு நிறைய இரையோடு போகின்றன. ஆணும் பெண்ணும் முறை வைத்துக் கொண்டு வேலை பார்க்கின்றன. ஒன்று கூட்டில் இருந்து குஞ்சைக் காக்கும். மற்றொன்று ‘கிரில்’ என்னும் சிறு இறால் வகையைப் பிடித்து வரும். அது வந்ததும் இது புறப்படும். ஒரு கூட்டில் வழக்கமாக இரண்டு முட்டைகள். கூடு என்பது கூழாங்கற்களைக் குவித்த ஒரு வட்டம். பக்கத்து வீட்டுக் கல்லைத் திருடிக் கொண்டு வருவதும் உண்டு. அதற்காக நடக்கும் சண்டைக்கும் குறைவில்லை!

கடலோரத்தில் சிறுத்தைச் சீல் என்னும் கடல்நாய் வாயைத் திறந்து காத்திருக்கும். மேலே ஸ்கூவா என்னும் பழுப்புநிறக் கடற்பறவை முட்டையும் குஞ்சும் கிடைக்குமா என்று வட்டமிடும். இரண்டுக்கும் நடுவே இந்தப் போக்குவரத்து நிற்பதில்லை.

ஆனால் இந்தப் பட்டணத்தின் ஜனத்தொகை குறைந்து வருகிறது. 2011-12 பருவத்தில் ஆராய்ச்சியாளர்கள் தீவு முழுவதும் எண்ணியதில் ஏறக்குறைய 79,800 இணைகள் இருந்தன. அவற்றில் சுமார் 50,000 இணைகள் பேய்லி முனையில் மட்டும். கேட்பதற்குப் பெரிய எண்ணிக்கைதான். ஆயினும் 1986-87ஐ விட இந்த முனையில் பாதிக்கு மேல் குறைந்திருக்கக் கூடும் என்பது அவர்கள் கணிப்பு. கடல் சூடேறுவதும், உறைபனி குறைவதும், அவற்றோடு கிரில் இரையில் ஏற்படும் மாறுதலும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இங்கே பெங்குவினை யாரும் அடித்துக் கொல்லவில்லை. மனிதன் தொலைவில் மூட்டிய நெருப்பின் சூடு இங்கே வந்து எட்டுகிறது.

துருத்தியின் வாய்

பேய்லி முனையை விட்டுக் கப்பல் நுழைவாயிலுக்கு வருகிறது. அந்தப் பிளவுக்கு மாலுமிகள் வைத்த பெயர் ‘நெப்டியூனின் துருத்தி’. நெப்டியூன் என்பது ரோமானியரின் கடல் தெய்வம். கொல்லன் பட்டறைத் துருத்தி போல அந்தச் சந்துக்குள் காற்று சீறிக் கொண்டு வருவதால் இந்தப் பெயர்.

பார்வைக்கு வழி அகலமாகத்தான் தெரியும். ஆனால் நடுவாந்திரத்தில், நீர்மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் அடியில், ராவன் என்னும் பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய கப்பல் நேராக நடுவில் போனால் அடிவயிறு கிழிந்து விடும். அதனால் கப்பல்கள் ஒரு பக்கத்துச் செங்குத்துப் பாறையை ஒட்டியே, கையை நீட்டினால் தொட்டு விடலாம் போல, மெல்ல நகர்ந்து உள்ளே போகின்றன. அந்தச் சில நிமிஷங்கள் கப்பல் தளத்தில் யாரும் பேசுவதில்லை.

உள்ளே வந்ததும் வலது கைப்பக்கம் ஒரு சிறு குடா. கறுப்பு மணல் கரை. அதன் மேல் துருப்பிடித்த ராட்சத இரும்பு டாங்கிகள், பாய்லர்கள், சாய்ந்த மரக் கட்டடங்கள். மனித நடமாட்டம் இல்லை. இதுதான் திமிங்கில வேட்டைக்காரர்களின் குடா.

பயணிகள் ரப்பர் படகுகளில் கரைக்கு வருகிறார்கள். ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது அன்டார்டிகாவில் உள்ள விதி. வெளியூர் விதையோ கிருமியோ வந்துவிடாதபடி இறங்குமுன் பூட்சுகளைக் கழுவ வேண்டும். பிராணிகளுக்கு ஐந்து மீட்டருக்குள் போகக் கூடாது. ஒரு கல்லைக் கூட எடுத்து வரக் கூடாது.

கரையில் கால் வைத்ததும் தெரிவது ஆவி. நீர் விளிம்பில் மணலிலிருந்து வெண்புகை எழுகிறது. கந்தக வாடை லேசாக வீசுகிறது. இரண்டடி தள்ளி நின்றால் குளிர் நடுக்குகிறது. மணலுக்குள் கையை விட்டால் சுடுகிறது. வழி தவறி இந்த வெந்நீருக்குள் வந்த கிரில்கள் வெந்து சிவந்து கரையில் கிடப்பதும் உண்டு. கடற்பறவைகளுக்குச் சமைத்த சாப்பாடு!

தோலுக்காக வந்தவர்கள்

மணலில் அங்கங்கே பழுப்பு நிற மூட்டைகள் போலச் சில உருவங்கள். கிட்டப் போனால் ஒன்று தலையைத் தூக்கி உறுமுகிறது. ரோமச் சீல் என்னும் கடல்நாய் இது. இன்று இவ்வளவு சுகமாகப் படுத்திருக்கும் இதன் முன்னோர்களுக்கு நேர்ந்த கதி பயங்கரமானது.

1819ல் வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேய மாலுமி தென் ஷெட்லாந்து தீவுகளைக் கண்டுபிடித்தார். கரை நிறையச் சீல்கள் என்ற செய்தி பரவியதும் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பல்கள் பறந்து வந்தன. மென்மையான அந்த ரோமத் தோலுக்கு அன்று நல்ல விலை. தாய், குட்டி என்ற பேதம் இல்லாமல் தடியால் அடித்துக் கொன்றார்கள். 1820களின் நடுவிலேயே கொல்வதற்குச் சீல் இல்லாமல் போயிற்று! வேட்டைக்காரர்களும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்.

1829ல் ஹென்றி பாஸ்டர் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வந்தார். அவர் எதையும் கொல்ல வரவில்லை. ஊசல் ஆட்டத்தைக் கொண்டு பூமியின் ஈர்ப்பை அளந்தார். காந்த விசையைக் குறித்தார். துறைமுகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்: போர்ட் பாஸ்டர். 1842ல் அந்தப் பக்கம் போன ஒரு சீல் வேட்டைக் கப்பல் தலைவர், தீவின் தென்பகுதி முழுவதும் எரிந்து கொண்டிருந்ததாகச் சொன்னார். அதன் பிறகு வெகு காலம் தீவை நாடுவார் அதிகம் இல்லை.

எண்ணெய் காய்ச்சிய கரை

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் உலகத்துக்கு எண்ணெய் தேவைப்பட்டது. திமிங்கிலக் கொழுப்பை உருக்கினால் எண்ணெய் கிடைக்கும். சோப்பு காய்ச்ச அது வேண்டும். பிறகு செயற்கை வெண்ணெய் செய்யவும் அது பயன்பட்டது. 1914ல் உலகப் போர் மூண்டதும் அதிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குத் தேவையாயிற்று.

1906ல் சிலி நாட்டின் கம்பெனி ஒன்று, அடால்பஸ் ஆண்ட்ரெசன் என்ற நார்வேக்காரர் தலைமையில் இங்கே தொழிலைத் தொடங்கியது. காற்றடங்கிய இந்தத் துறைமுகத்தில் ‘மிதக்கும் தொழிற்சாலை’களான பெரிய கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சின. சிறு வேட்டைக் கப்பல்கள் வெளிக்கடலில் திமிங்கிலத்தைச் சுட்டு இழுத்து வரும். ஆரம்பத்தில் கொழுப்பை மட்டும் உரித்துக் கொண்டு உடலைக் கடலிலேயே தள்ளி விட்டார்கள். ஒதுங்கிய உடல்கள் அழுகி, கரையே நாறியது.

அந்த வீணாகும் சதையிலும் எலும்பிலும் கூட எண்ணெய் இருக்கிறதே! அதைக் காய்ச்சி எடுக்க 1912ல் நார்வேயின் ‘ஹெக்டர்’ கம்பெனி கரையில் ஓர் ஆலையைக் கட்டியது. இன்று துருப்பிடித்து நிற்கும் பாய்லர்களும் டாங்கிகளும் அதனுடையவை. பிரிட்டன் தீவைத் தன்னுடையதென்று கூறி, பருவந்தோறும் ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. வேட்டையைக் கண்காணிப்பதும் அவரே. தபால் ஆபீசைப் பார்த்துக் கொள்வதும் அவரே!

வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நார்வே நாட்டின் கடற்கரை ஊர்க்காரர்கள். பூமிப் பந்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்தார்கள். ஊரில் இலையுதிர் காலத்தில் கிளம்பினால் அடுத்த வசந்தத்தில்தான் வீடு. பெண்டு பிள்ளைகளைக் கூட்டி வர வழியில்லை. ஆண்ட்ரெசன் தம் மனைவியை உடன் வைத்திருந்தது அபூர்வமான விதிவிலக்கு. பனியில் நின்று, ரத்தமும் கொழுப்பும் வழுக்கும் தளத்தில், நீண்ட கத்தியோடு வேலை. கப்பல் வந்தால்தான் கடுதாசி.

1920களில் ஒரு சமயம் துறைமுகத் தண்ணீரே கொதித்து, கப்பல்களின் அடிப்பக்கத்துப் பெயிண்டு உரிந்து போயிற்று. இருந்தும் வேலை நிற்கவில்லை. வேலையை நிறுத்தியது எரிமலை அல்ல, மார்க்கெட். திமிங்கிலத்தை நடுக்கடலிலேயே பின்பக்கச் சரிவு வழியாக மேலே இழுத்துப் போட்டுக் காய்ச்சும் புதுவகைக் கப்பல்கள் 1925 முதல் வந்துவிட்டன. கரை ஆலை தேவையற்றதாயிற்று. எண்ணெய் விலையும் சரிந்தது. 1931ல் ஹெக்டர் ஆலை மூடப்பட்டது. கழற்றிக் கொண்டு போகக் கூடச் செலவு கட்டவில்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள்.

இன்றும் கரையில் சாம்பலுக்குள் பாதி புதைந்த மரப் படகுகள் கிடக்கின்றன. கப்பல்களுக்கு நன்னீர் கொண்டு போன படகுகள் அவை. பீப்பாய்ப் பலகைகள் அடுக்குக் குலையாமல் இருக்கின்றன. திமிங்கில எலும்புகள் வெளுத்துக் கிடக்கின்றன.

இரண்டு முறை புதைந்தவர்கள்

ஆலைக்குப் பின்னால் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. 1908ல் தொடங்கியது. 35 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். கடலில் போய்த் திரும்பாத பத்துப் பேருக்காக ஒரு நினைவுச் சின்னமும் வைத்தார்கள். அன்டார்டிகா பகுதியிலேயே பெரிய கல்லறைத் தோட்டம் அதுதான். பெரும்பாலோர் நார்வேக்காரர்கள். ஒரு பருவம் உழைத்துக் கூலியோடு வீடு திரும்பலாம் என்று வந்தவர்கள்.

இன்று அந்தத் தோட்டம் எங்கே? தேடினால் கிடைக்காது. 1969ல் எரிமலை வெடித்தபோது மேலே இருந்த பனியாறு உருகி, சாம்பலும் சேறும் கலந்த வெள்ளமாக இறங்கியது. கல்லறைகள் அனைத்தையும் அது மூடிவிட்டது. இப்போது கண்ணுக்குத் தெரிவது தனித்து நிற்கும் ஓரிரு மரச் சிலுவைகள் மட்டுமே.

எண்ணெயின் கணக்கைக் கம்பெனிகள் எழுதி வைத்தன. கொல்லப்பட்ட திமிங்கிலத்தின் கணக்கும் புத்தகங்களில் இருக்கிறது. ஊரை விட்டு வந்து இங்கேயே தங்கிவிட்ட அந்த மனிதர்கள் மட்டும் இரண்டாவது முறையாகப் புதைந்தார்கள். பிழைப்புக்காக வெளியூரில் வாழ்கிறவர்கள் யாரும் அந்தச் சிலுவையைச் சும்மா கடந்து போய்விட முடியாது.

பறந்தவரும், பங்கு கேட்டவர்களும்

அதே கரையில் ஒரு விமானக் கொட்டகையும் நிற்கிறது. இது பின்னாளில், 1960களில் பிரிட்டிஷ்காரர்கள் கட்டியது. ஆனால் விமானத்துக்கும் இந்த மணலுக்கும் உள்ள உறவு அதை விடப் பழையது. 1928 நவம்பர் 16ம் தேதி ஹியூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியரின் குழு இங்கிருந்துதான் விமானம் ஏறியது. அன்டார்டிகாவில் பறந்த முதல் ஆகாய விமானம் அது! சாம்பலையும் கல்லையும் சமப்படுத்தி ஓடுபாதை அமைத்தார்கள். அடுத்த மாதம், டிசம்பர் 20ம் தேதி, வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும் தெற்கே வெகுதூரம் பறந்து, மனிதக் கண் காணாத நிலத்தை மேலிருந்து பார்த்துத் திரும்பினார்கள்.

இரண்டாவது உலகப் போரில், ஜெர்மன் கப்பல்களுக்குப் பயன்படக் கூடாதென்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று 1941ல் இங்கிருந்த எண்ணெய் டாங்கிகளையும் நிலக்கரியையும் பாழாக்கியது. 1944ல் பிரிட்டன் ஒரு முகாமே அமைத்தது. 1948ல் அர்ஜென்டினா, 1955ல் சிலி. ஒரு சிறு தீவு, மூன்று நாடுகள், மூன்றும் ‘என்னுடையது’ என்றன. இந்த உரிமைச் சண்டைகளையெல்லாம் ஒத்தி வைத்து, அந்தக் கண்டம் அமைதிக்கும் ஆராய்ச்சிக்குமே என்று 1959ல் அன்டார்டிகா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1983ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

பிற்பகல்: தீவின் கோபம்

கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே வடக்கே போகிறது. பாஸ்டர் ஊசல் வைத்து அளந்த இடம் ஊசல் குடா. கரையில் மணலைத் தோண்டினால் வெந்நீர் ஊறும். முன்பு சில பயணிகள் அதில் குளித்து, பனிக்கடலில் நீராடியதாகப் பெருமைப்பட்டுக் கொண்டதுண்டு. சற்று மேலே முறுக்கிக் கிடக்கும் இரும்புச் சட்டங்களைப் பார்த்ததும் அந்தக் குதூகலம் அடங்கிவிடும். அதுதான் சிலி நாட்டு முகாமின் மிச்சம்.

1967 டிசம்பர் 4ம் தேதி எரிமலை விழித்தது. சாம்பலும் கல்லும் மழையாகக் கொட்ட, சிலி முகாமில் இருந்தவர்கள் பிரிட்டிஷ் முகாமுக்கு ஓடினார்கள். சிலியின் கடற்படைக் கப்பல் ‘பிலோட்டோ பார்டோ’ வந்து காப்பாற்றியது. அருகில் உள்ள டெலிபோன் குடாவில் கடலுக்கு நடுவே அன்று புதிதாக ஒரு தீவே முளைத்தது!

ஓராண்டு கழிந்து பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்தார்கள். எரிமலை விடுவதாக இல்லை. 1969 பிப்ரவரியில் மறுபடியும் வெடித்தது. மேலிருந்து விழும் கற்களுக்குத் தகரத் தகடுகளைத் தலைக்கு மேல் பிடித்துக் கொண்டு நடந்து தப்பினார்கள். இந்த முறையும் அதே சிலிக் கப்பலின் ஹெலிகாப்டர்கள்தான் அவர்களைத் தூக்கிச் சென்றன. உரிமைக்காகப் போட்டியிட்ட நாடுகள். ஆபத்து என்றதும் ஓடி வந்தது போட்டியாளனின் கப்பல்! 1970 ஆகஸ்டில் மூன்றாவது வெடிப்பு. அப்போது தீவில் யாரும் இல்லை.

டெலிபோன் குடாவில் அந்த வெடிப்புகளின் பள்ளங்களை இன்று விளிம்பில் நின்று பார்க்கலாம். முளைத்த தீவு 1970ல் கரையோடு சேர்ந்துவிட்டது. எங்கும் கறுப்புச் சாம்பல். நிலவில் நிற்பது போல இருக்கும். ஆனால் உயிர் அங்கும் விடவில்லை. ஆவி வரும் இடங்களில் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. சூடான மண்ணை நம்பி வாழும் அபூர்வப் பாசிகள் அவற்றில் உண்டு. அன்டார்டிகாவில் பூக்கும் செடி இனங்கள் இயற்கையாக இரண்டே இரண்டுதான். அவற்றில் ஒன்றான முத்துச்செடி இந்தத் தீவில்தான் மிக அடர்த்தியாக வளர்கிறது.

1970க்குப் பிறகு தீவு வெடிக்கவில்லை. தூங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1992லும் 1999லும் நிலம் நடுங்கியது. ஸ்பெயினும் அர்ஜென்டினாவும் கோடைகாலத்தில் இங்கே ஆராய்ச்சி முகாம் நடத்துகின்றன. ஸ்பானிய விஞ்ஞானிகள் கருவிகளை வைத்து எரிமலையின் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

வரவும் செலவும்

மாலையில் கப்பல் துருத்தி வழியாக வெளியேறுகிறது. இந்தத் தீவின் வரவு செலவுக் கணக்கை ஒரு தடவை பார்த்தால் என்ன?

தென் அரைக்கோளத்தில் மட்டும் இருபதாம் நூற்றாண்டில் இருபது லட்சத்துக்கு மேல் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. உலகின் மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கிலம் அவற்றில் ஏறக்குறைய மூன்றரை லட்சம். 1960களில் அதைக் கொல்லத் தடை வந்தபோது அன்டார்டிகா கடலில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருந்தன. பல இனங்களையும் காக்கும் வணிக வேட்டைத் தடை 1986ல்தான் அமலுக்கு வந்தது.

வரவுப் பக்கமும் காலியாக இல்லை. அடியோடு அழிந்தது என்று நினைத்த ரோமச் சீல் எங்கோ ஒதுக்குப்புறத்தில் எஞ்சிய சிலவற்றிலிருந்து பெருகி, பழைய கரைக்கே திரும்பி வந்து படுத்திருக்கிறது. கூனல் திமிங்கிலங்களை இந்தக் கடலில் இன்று அடிக்கடி பார்க்கலாம். 2019ல் இதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த எலிபன்ட் தீவின் அருகே சுமார் 150 துடுப்புத் திமிங்கிலங்கள் ஒன்றாகக் கூடி இரை தின்றதை விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள். டிசெப்ஷனின் பாய்லர்களில் வெந்தவற்றின் வழிவந்த இனம்! நீலத் திமிங்கிலம் மட்டும் இன்னும் மெல்ல மெல்லத்தான் தேறி வருகிறது.

துப்பாக்கியைக் கீழே வைத்தால் உயிர்கள் திரும்பி வரும் என்பதற்குச் சீல் சாட்சி. துப்பாக்கி இல்லாமலே உயிர்களைக் குறைக்க முடியும் என்பதற்குப் பேய்லி முனைப் பெங்குவின் சாட்சி. வேட்டையைத் தடுக்க ஒரு சட்டம் போதுமாக இருந்தது. கடல் சூடேறுவதைத் தடுக்க உலகம் முழுவதும் பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. அதுதான் கடினம்.

கப்பல் விலகிப் போகப் போக, உள்ளே இருக்கும் துறைமுகமும், துருப்பிடித்த டாங்கிகளும், அந்த மரச் சிலுவையும் மறைந்துவிடுகின்றன. வெளியே தெரிவது கறுத்த பாறைச் சுவரும், அதன் வாசலில் இரைக்காகக் கடலில் குதிக்கும் அடுத்த ஷிப்டுப் பெங்குவின்களும்தான்.